ஒளிக்கு நிற்கத் தெரியாது

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை அந்தத் திரை பாதியில் அணைந்துபோனதிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் யாரும் தீபிகாவின் பெயரைச் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து அம்மாவும் மகளும் முகம் பார்த்துக்கொண்ட நாள் அது. அப்பா பொன்னுரங்கம் காலமான துக்கம் ஆறுவதற்குள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் தாழங்குப்பத்து அரவிந்தனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள் தீபிகா. அன்றோடு மங்கம்மா மகளை மனசிலிருந்து இறக்கி வைத்துவிட்டாள் என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். மங்கம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் அனுப்பிரியா மட்டும் அப்படி நினைக்கவில்லை. சிதம்பரத்தில் அவள் ஆராய்ச்சி செய்யும், பேச்சையும் படத்தையும் ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழைத் தடத்தின் ஒரு முனை கடலூரில் ஒரு மாடி அறையில் இருக்கிறது. இன்னொரு முனை, தீபிகா நர்ஸாக வேலை பார்க்கும் தாழங்குப்பம் சுகாதார நிலையத்தில் இருக்கிறது. ஏதேதோ சாக்குச் சொல்லி மாமியாரை அந்த மாடி அறைக்கு அழைத்துப்போனாள். திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, அவர்கள் பேச்சு அவர்களுக்குள் இருக்கட்டும் என்று வெளியே வந்து நின்றுகொண்டாள்.

உள்ளே மங்கம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். தீபிகா எழுந்தாள். திரை இருண்டது.

அது என்ன வாக்கியம் என்று கேட்க அனுப்பிரியாவுக்கு இன்றுதான் தைரியம் வந்தது. இன்று சாயங்காலம் தீபிகா கணவனோடும் கைக்குழந்தையோடும் மங்களூருக்குக் குடிபோகிறாள். அரவிந்தனுக்கு அங்கே துறைமுகத்தில் படகு இஞ்சின் பழுதுபார்க்கும் வேலை. வேன் பேசியாகிவிட்டது. போனால் எப்போது வருவாள் என்று சொல்ல முடியாது. வருவாளா என்றும் சொல்ல முடியாது.

"அத்தை, கெளம்பலாமா?"

"இரு. வெளக்க மலையேத்திட்டு வரேன்."

திருவாதிரை நட்சத்திரம் வந்தால் மங்கம்மா சிதம்பரத்துக்குப் போய் நடராஜரைப் பார்த்துவிட்டு வருவாள். மாதா மாதம் தவறாத வழக்கம். அனுப்பிரியாவும் தினமும் அந்த ஊருக்குத்தான் போகிறாள் என்பதால் இந்த ஒரு நாள் மாமியாரும் மருமகளும் ஒரே பஸ்.

"அத்தை, அன்னைக்கி அவகிட்ட என்னா சொன்னீங்க?"

மங்கம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "சொன்னத திரும்பச் சொல்ல நான் என்னா ரேடியோப் பொட்டியா?"

"இல்ல அத்தை, நான் எதுக்குக் கேக்கறேன்னா..."

"நான் வாயத் தொறந்தேன். அவ மூஞ்சிய மூடிகிட்டுப் போயிட்டா. அவ்ளோதான் கத. அதுல நீ ஆராய்ச்சி பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. பஸ்ஸு போவுது, வா."

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை மாமியாருக்குக் கொடுத்தாள் அனுப்பிரியா. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மங்கம்மாவின் தலை மெல்லச் சாய்ந்து மருமகளின் தோளில் வந்து நின்றது. விழித்திருக்கும்போது அப்படிச் சாய்கிறவள் இல்லை அவள்.

அசைந்தால் எழுந்துவிடுவாளே என்று அனுப்பிரியா அசையவில்லை.

வெளியே சவுக்குத் தோப்புகளின் மேல் இளம் வெயில் பால் போலப் படிந்திருந்தது. இந்தச் சாலையோரத்து மண்ணுக்குள், பஸ் போகிற வழியெல்லாம் கூடவே, தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை ஓடுகிறது. அதற்குள் ஒளி போகிறது. ஒரு பெருமூச்சு விடுவதற்குள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் எத்தனையோ முறை போய்த் திரும்பிவிடும் ஒளி. யாரோ யாருக்கோ சொல்கிற நல்ல சேதிகள், அழுகைகள், குழந்தையின் முதல் பல் படங்கள், எல்லாம் இந்தக் காலுக்குக் கீழே இருட்டில் மின்னிக்கொண்டு போகின்றன. மேலே பஸ்ஸில் மனிதர்கள் தூங்குகிறார்கள்.

ஆண்டவன் நம்மிடம் பேசுவதும் இப்படித்தானோ என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்திலேயே போய்க்கொண்டிருக்கிறது. நமக்குத்தான் தெரிவதில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது மங்கம்மா கண் விழித்து, தான் சாயவே இல்லை என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

*

"இன்னைக்கு எண்ணு தொண்ணூத்தேழு நிக்கணும்மா," என்றார் பேராசிரியர் வைத்திலிங்கம்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கும் இன்று படபடப்புதான். சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். ஐந்து மணிக்குச் சோதனை. அனுப்பிய நூறு தகவல்களில் தொண்ணூற்றைந்துக்கு மேல் தவறாமல் போய்ச் சேர்ந்தால் இந்தத் தடம் இன்னும் பல கிராமங்களுக்கு நீளும். கீழே போனால் திட்டம் இதோடு நின்றுவிடும்.

அனுப்பிரியாவின் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வழக்கமாக, இழைகள் சந்திக்கும் இடத்தில் ஒளியை மின்சாரமாக மாற்றி, இது எங்கே போக வேண்டியது என்று படித்துப் பார்த்து, மறுபடி ஒளியாக்கி அனுப்புவார்கள். அதற்கு நேரமும் மின்சாரமும் செலவு. அவள் முறையில் ஒளி ஒளியாகவே திரும்பும். தகவலெல்லாம் மூட்டை மூட்டையாகப் போகும். ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் ஒரு சின்னச் செய்தி ஓடும். 'பின்னால் இன்னார் வருகிறார், வழி விட்டு வையுங்கள்' என்று சந்திப்புக்குச் சந்திப்பு சொல்லிக்கொண்டே போகும். மூட்டை பதிலுக்குக் காத்திருக்காது, புறப்பட்டுவிடும். ஏனென்றால் ஒளிக்கு நிற்கத் தெரியாது.

அதில்தான் சங்கடம். இரண்டு மூட்டைகள் ஒரே நேரத்தில் ஒரே வழிக்கு வந்துவிட்டால் ஒன்றுதான் போக முடியும். மற்றது விழுந்துவிடும். சத்தம் இல்லாமல் விழும்.

பெரிய மூட்டைக்கு வழி விடுவது என்று அனுப்பிரியா விதி எழுதியிருந்தாள். அதனால்தான் தொண்ணூற்றேழு.

விழுகிற அந்த மூன்று யாருடையவை என்று போன வாரம்தான் அவள் பார்த்தாள். பெரும்பாலும் தாழங்குப்பத்துக்குப் போகிறவை, அல்லது அங்கிருந்து வருகிறவை. அந்தக் கிராமம் தடத்தின் கடைசியில் இருக்கிறது. கடலூரிலிருந்து போகிற பேச்சு சிதம்பரத்தில் வழி கேட்க வேண்டும், கீரப்பாளையத்தில் வழி கேட்க வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் கேட்க வேண்டிய வாசல்கள் அதிகம். ஏதாவது ஒரு வாசலில் பெரியவர் யாராவது வந்துவிடுவார்.

இது அவள் மனசில் முள்ளாக இருந்தது. ஆனால் எண் நன்றாக இருந்தது.

காலைச் சரிபார்ப்புக்காகத் தீபிகாவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, கேமராவெல்லாம் ரெடி. அஞ்சு மணிக்கு நான் உக்காந்துடறேன். அதான் எனக்கு இங்க கடைசி டூட்டி. முடிஞ்ச கையோட வேன்ல ஏறிடுவோம்."

"தீபி... போறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வார்த்த."

"அவுங்கதான் சொல்லிட்டாங்களே அண்ணி. பச்சக் கொழந்தைய மடியில வச்சிருந்தேன். அதப் பாத்துகிட்டே சொன்னாங்க. 'வூட்டுக்கு நீ வராத'ன்னு."

அனுப்பிரியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா கேட்டியா?"

"என் காதால கேட்டேன். மூணு வருஷம் கழிச்சு எங்கம்மா குரல், எனக்குத் தெரியாதா?"

*

அந்த நேரத்தில் மங்கம்மா சித்சபைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

கூட்டம் அதிகமில்லை. தீபாராதனை காட்டினார்கள். திரையை விலக்கினார்கள். உள்ளே வெற்று வெளியில் தங்க வில்வ இலைகள் தொங்கின. எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள்! இன்று ஏனோ அந்த வெறுமை அவளைத் திரும்பப் பார்ப்பது போல இருந்தது. ஒரு குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. திரையில் பார்த்த முகம். உதட்டை எச்சிலால் நனைத்துக்கொண்டு சிரித்ததே.

ஏதாவது வேண்டிக்கொள்ளலாம் என்று கை குவித்தாள். ஒன்றும் கேட்க வரவில்லை. 'எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்' என்று மட்டும் சொன்னாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாதா என்ன.

வெளியே வந்ததும் மருமகள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது ஞாபகம் வந்தது. சம்பா சாதமும் கொத்சும் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

*

"கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு? அந்தப் பொட்டியையே மொறச்சுப் பாத்துகிட்டு இருந்தா அப்படித்தான். எழுந்து கை கழுவு."

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வராந்தாவில் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள் மங்கம்மா. கத்தரிக்காய்க் கொத்சின் மணம் எழுந்தது. அனுப்பிரியா இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

"அத்தை. நீங்க கோச்சிகிட்டாலும் பரவால்ல. பெத்த பொண்ணப் பாத்து 'வூட்டுக்கு நீ வராத'ன்னு சொல்லலாமா?"

மங்கம்மா கையிலிருந்த சோற்றை அப்படியே இலையில் போட்டாள்.

"யாரு சொன்னது?"

"நீங்க சொன்னதா தீபி சொல்றா."

"நானா? நான் அப்படிச் சொல்லுவேனா?" மங்கம்மா இலையைத் தள்ளி வைத்தாள். "மொகத்தப் பாத்ததும் எனக்குப் பேச்சே வரல. அந்தக் கொழந்த என்னப் பாத்துச் சிரிச்சுது. 'மங்களூரு மங்களூருன்னு போயி, வூட்டுக்கு நீ வராம இருந்துடாத'ன்னு நெனச்சேன். மங்களூர வாயில முழுங்கிட்டேன். மிச்சத்தச் சொன்னேன். 'வூட்டுக்கு நீ வராம இருந்துடாத'. இதான்டி நான் சொன்னது. அதுக்கு அவ மூஞ்சிய மூடிகிட்டா."

அனுப்பிரியா கையைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் தொட்டு, வராந்தாத் தரையில் விரலால் எழுதினாள்.

வராம இருந்துடாத.

நடுவில் இருந்ததையெல்லாம் உள்ளங்கையால் துடைத்தாள். முன்னால் 'வரா' நின்றது. கடைசியில் 'த' நின்றது.

மங்கம்மா அதைப் படித்தாள். ஒருமுறை, இன்னொருமுறை.

"வரா... த," என்றாள் மெதுவாக. "ஐயோ, நடராஜா."

"நடுவுல ஒரு மூட்ட விழுந்துடுச்சு அத்தை. கீரப்பாளையத்துலயோ இங்கயோ, எதுவோ ஒரு பெரிய மூட்ட வந்திருக்கு. அதுக்கு வழி வுட்டுட்டு உங்க பேச்சக் கீழ போட்டுடுச்சு. எழுத்து, போட்டோன்னா திரும்ப அனுப்பிக்கலாம். நேருக்கு நேர் பேசற பேச்ச அப்படி அனுப்ப முடியாது. அதுக்குள்ள அடுத்த வார்த்த வந்துடும்." அவள் குரல் இறங்கியது. "பெரிசுக்கு வழி வுடணும்னு எழுதினது நான்தான்."

மங்கம்மா தரையில் காய்ந்துகொண்டிருந்த அந்த மூன்று எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று அனுப்பிரியா காத்திருந்தாள். மங்கம்மா திட்டவில்லை.

"சோத்தத் தின்னு," என்றாள். "ஆறுது."

*

தீபிகாவுக்கு உடனே போன் செய்தாள் அனுப்பிரியா. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

தீபிகா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

"அண்ணி, நீங்க ரொம்ப நல்லவங்க. அதனாலதான் நம்ப முடியல."

"தீபி!"

"போன தீபாவளிக்கு ஒரு பொடவ அனுப்பிச்சீங்களே, அம்மா குடுத்ததுன்னு? அத நெஞ்சுல வச்சுகிட்டுத் தூங்கினேன். அப்புறம் அண்ணன் வாய் தவறிச் சொல்லிடுச்சு, நீங்க வாங்கினதுன்னு. இப்பயும் எனக்காகத்தான் ஜோடிக்கிறீங்க. அம்மா சொன்னா நம்பலாம். ஆனா அவுங்க போன் பண்ணாலும் நான் எடுக்க மாட்டேன் அண்ணி. இன்னொரு தடவ கேக்கத் தெம்பு இல்ல. அஞ்சு மணிக்கு டெஸ்ட்டுக்கு உக்காருவேன். சொன்ன சொல்லு. அதோட விடுங்க."

போன் அடங்கியது.

நல்ல மனசோடுதான் அந்தப் புடவையை அனுப்பினாள் அனுப்பிரியா. ஆனாலும் அது பொய். அன்பு என்று நினைத்துச் சொல்கிற பொய்யும், உண்மை தேவைப்படுகிற நாளில் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது.

அத்தையின் வாயால், முழுசாக, ஐந்து மணிக்கு அந்தத் தடத்தில் போக வேண்டும். வேறு வழி இல்லை. ஆனால் ஐந்து மணிக்குச் சோதனை என்பதே, கடலூரிலிருந்து பெரிய பெரிய மூட்டைகளாகக் கொட்டி, தடம் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான். அந்த நெரிசலில் ஒரு தாயின் வாக்கியம் எங்கே தப்பிக்கும்?

அவள் எழுந்து வைத்திலிங்கத்தின் அறைக்குப் போனாள்.

"சார், விதிய மாத்தணும். அதிக வாசல் தாண்டி வர்ற மூட்டைக்கும், கடைசி ஊருக்குப் போற மூட்டைக்கும் முதல் வழி. பெரிசு வந்தா அதக் கீழ போட வேண்டாம். இழைச் சுருளுக்குள்ள அனுப்பி ஒரு சுத்து சுத்த வுட்டு எடுத்துக்கலாம். ஒளிய நிறுத்தத்தான் முடியாது, சுத்த வுடலாம்."

வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "சுருள்ல சுத்தினா லேட்டாகும். ஒளியும் கொறையும். சரியான நேரத்துல வரலன்னு கணக்குல அடிச்சுடுவாங்க. எண்ணு தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போயிடும்மா. போனா அந்தக் கிராமத்து லைனே போயிடும். யாருக்காகக் கேக்கறியோ அவுங்களுக்குத்தான் நஷ்டம்."

"இப்ப லைன் இருக்குன்னு நாம சொல்றோம் சார். அதுல அவுங்க பேச்சு போய்ச் சேரலையே."

வைத்திலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பினார். வராந்தாவில் மங்கம்மா இலையைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, சிந்திய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவர் அதைப் பார்த்தார்.

"மாத்து," என்றார். "ஆனா வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும். மறைச்சுச் செய்யக் கூடாது."

"சொல்லிடறேன் சார்."

"இன்னொண்ணு. அந்த அம்மாவையே பேசச் சொல்லு. நம்ம பசங்க எப்பப் பாத்தாலும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டு இருக்கானுங்க."

*

வந்த அதிகாரிகளில் மூத்தவர் சந்திரலேகா என்ற அம்மையார். நரைத்த தலை, பருத்திப் புடவை, குறைந்த பேச்சு. இன்றுதான் விதியை மாற்றியதையும் எண் குறையலாம் என்பதையும் அனுப்பிரியா சொன்னபோது, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"விழுற மூணும் எப்பவும் ஒரே ஊரோடதா இருக்கு மேடம்."

"ம்," என்றார் அவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மங்கம்மாவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். "இத்தன பேரு இருக்கற எடத்துல என்னத்தப் பேசறது?" என்று முணுமுணுத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்குத்தியைச் சரி செய்துகொண்டாள்.

கடலூரிலிருந்து மூட்டைகள் கொட்டத் தொடங்கின. சுவரில் பெரிய திரையில் எண் ஓடியது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றுமூன்று. வைத்திலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சின்னத் திரையில் தீபிகா வந்தாள். வெள்ளைக் கோட்டு. பின்னால் சுகாதார நிலையத்துச் சுவர். ஒரு மேசை விசிறி. எதிரில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் நாற்காலியிலிருந்து எழப் போனாள். ஞாயிற்றுக்கிழமை போல அம்மா கடலூர் மாடி அறையில் இருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

"ஏய், உக்காரு," என்றாள் மங்கம்மா.

பழைய அதட்டல். தீபிகா உட்கார்ந்துவிட்டாள்.

மங்கம்மா மைக்கின் பக்கம் குனிந்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, ஒன்று உள்ளே போனபிறகு மற்றொன்றாகச் சொன்னாள்.

"தீபி. வூட்டுக்கு. நீ. வ-ரா-ம. இருந்துடாத."

சொல்லிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தாள்.

"'ம' கேட்டுச்சாடி?"

தீபிகா அசையவில்லை. கண் இமைகூட ஆடவில்லை. மங்கம்மா பதறிப்போய் மருமகளின் கையைப் பிடித்தாள்.

"அனு, நின்னு போச்சா? மறுபடி நின்னு போச்சா?"

"இல்ல அத்தை. படம் ஓடுது. பின்னாடி ஃபேன் சுத்துது பாருங்க. அவதான் நிக்கிறா."

ஆமாம், விசிறி சுற்றியது. சுவரில் மாட்டிய காலண்டர் படபடத்தது. அதற்கு நடுவில் தீபிகா மட்டும் சிலை போல இருந்தாள். பிறகு அவள் கன்னத்தில் ஒரு துளி இறங்கியது. தெளிவாக, விட்டுவிடாமல், மோவாய் வரைக்கும் இறங்கியது.

"கேட்டுச்சும்மா," என்றாள்.

மங்கம்மா கை நீட்டித் திரையைத் தொட்டாள். அந்த 'ம்மா'வைக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது.

தீபிகாவின் பக்கம், வெளியே வேனின் ஹாரன் சத்தம். தீபிகா சட்டென்று எழுந்தாள். திரையில் நாற்காலி மட்டும் இருந்தது. செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று. அங்கிருந்து அவள் குரல் வந்தது, இங்கே கேட்கிறது என்று தெரியாமல்.

"ஏங்க, டிரைவர்கிட்டச் சொல்லுங்க. விருத்தாசலம் வழியா வேணாம். கடலூர் போயிட்டுப் போவலாம். எங்கம்மா வூட்டுக்கு."

ஒரு எழுத்துக்கூட விழவில்லை.

சுவரில் எண் தொண்ணூற்றிரண்டில் வந்து நின்றது. சந்திரலேகா அதைக் குறித்துக்கொண்டார். காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

திடீரென்று மங்கம்மா எழுந்தாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"அனு! வூட்டுச் சாவி எங்கிட்டதான இருக்கு!"

அனுப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னொரு சாவி கணவன் இளவரசுவிடம். அவன் நெய்வேலியில் ஷிப்ட்டில் இருக்கிறான். மகள் மூன்று வருஷம் கழித்து வீட்டுக்குப் போகிறாள். வீடு பூட்டியிருக்கிறது.

"நான் தீபிக்குப் போன் பண்ணி இங்கியே வரச் சொல்றேன் அத்தை."

"பண்ணாத," என்றாள் மங்கம்மா. கண்கள் பளபளத்தன. "வூட்டுக்கு வான்னு சொல்லிட்டு ரோட்டுல பாக்கவா? அவ வந்து வாசல்ல நிக்கணும். நான் கதவத் தொறக்கணும். வா, பஸ்ஸப் புடி."

"பஸ் வேண்டாம்," என்றது ஒரு குரல். சந்திரலேகா கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். "நாங்க சென்னைக்குக் கடலூர் வழியாத்தான் போறோம். வண்டியில எடம் இருக்கு. ஏறிக்குங்க."

*

வெள்ளாற்றில் அந்தி நேரத்து வெளிச்சம் கரைந்து, தண்ணீர் எது வானம் எது என்று தெரியாமல் கிடந்தது. மங்கம்மா முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கார் ஓடுவது போதாது என்பது போலத் தானும் முன்னால் சாய்ந்திருந்தாள். சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போப்பா. கொழந்த வருது. பால் காய்ச்சணும்."

முட்லூர் சந்திப்பு வந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற சாலை அங்கேதான் கடலூர்ச் சாலையில் சேருகிறது. ஒரு லாரி திரும்ப முடியாமல் திணறியதில் இரண்டு பக்கமும் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு வண்டி நுழையத்தான் இடம். அதற்கு இவர்களுடைய காரும், கிழக்கேயிருந்து வந்த ஒரு வேனும் ஒரே நேரத்தில் முகத்தை நீட்டின.

வேனின் கூரையில் பாயும் பாத்திர மூட்டையும் ஒரு தொட்டில் கம்பும் கட்டியிருந்தது. உள்ளே ஒரு குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. மங்கி வரும் வெளிச்சத்தில் முகங்கள் தெரியவில்லை.

டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கப் போனார். மங்கம்மா அவர் தோளைத் தொட்டாள்.

"வழி வுடுப்பா. பாவம், கொழந்தகுட்டியோட சாமானெல்லாம் கட்டிகிட்டு எங்கியோ ரொம்ப தூரம் போறவங்க. நாம ஒரு நிமிஷம் லேட்டாப் போனா என்னா."

டிரைவர் பிரேக்கை அழுத்தினார். வேன் நன்றி சொல்வது போல ஒரு சின்ன ஹாரன் அடித்துவிட்டு முன்னால் நுழைந்தது. அது கடக்கும்போது டீக்கடை விளக்கு ஒரு கணம் உள்ளே விழுந்தது. வேன் டிரைவருக்குப் பக்கத்தில் தீபிகாவின் கணவன் அரவிந்தன் உட்கார்ந்திருந்ததை அனுப்பிரியா பார்த்தாள்.

அவள் வாயைத் திறந்தாள். மாமியாரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒரு குழந்தைக்கு வழி விட்ட நிறைவு அந்த முகத்தில் இருந்தது. அதற்குள் லாரி மறுபடி குறுக்கே வந்து நின்றுவிட்டது.

வேன் முன்னால் போய்விட்டது. சாவி பின்னால் நின்றுகொண்டிருந்தது.